ஊதித் தள்ளுங்கள்!

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். இலை நிறம் மாறியதும் கனடா, அமெரிக்க வாசகர்கள் எல்லோருக்கும் புல்தரை ஸ்பிரிங்க்ளர் ஞாபகம் வந்துவிட்டது; உறைபனிக்கு முன் குழாயிலுள்ள தண்ணீரை ஊதித் தள்ள வேண்டுமே. அரசியலும் சினிமாவும் கேட்டவர்கள் ஒரு மாதம் பொறுக்கவும். அவற்றை எப்போது வேண்டுமானாலும் ஊதலாம். இதற்குக் கெடு இருக்கிறது.

*

புது வீட்டுக்காரர், மார்க்கம்

கே: கோடை முழுக்க ஒழுங்காக ஓடிய ஸ்பிரிங்க்ளர். சுவிட்சை அணைத்துவிட்டால் போதாதா? கம்ப்ரஸர் வைத்து ஊத வேண்டும் என்கிறார்களே, ஏன்?

ப: அணைத்தால் புதுத் தண்ணீர் வருவது நிற்கும். ஏற்கெனவே வந்த தண்ணீர் எங்கே போகும்? மண்ணுக்கு அடியில் ஓர் அடி ஆழத்துக்குள் ஓடும் குழாயிலும், வளைவிலும், வால்விலும் அப்படியே குந்தியிருக்கும். உறையும்போது தண்ணீர் கொள்ளளவில் சுமார் 9 சதவீதம் விரியும். நூறு பேர் நெருக்கியடித்து நிற்கும் பஸ்ஸில், அடுத்த நிறுத்தத்தில் ஒன்பது பேர் ஏறியே தீருவோம் என்று நின்றால் எப்படியிருக்கும்? நம் ஊர் பஸ் தாங்கும். பிளாஸ்டிக் வால்வு தாங்காது.

காலிக் குழாய் மைனஸ் முப்பதிலும் சும்மா கிடக்கும். உள்ளே விட்டுவைத்த மிச்சம்தான் எமன்.

*

இயற்பியலை மறந்த இன்ஜினீயர், மிசிசாகா

கே: குளிர்ந்தால் பொருள்கள் சுருங்கும் என்றுதானே பள்ளியில் படித்தோம்? தண்ணீருக்கு மட்டும் ஏன் இந்த வீம்பு?

ப: தண்ணீரும் 4 டிகிரி செல்சியஸ் வரை மரியாதையாகச் சுருங்குகிறது. அதற்குக் கீழே போனால் மனம் மாறிவிடுகிறது. உறையும்போது மூலக்கூறுகள் அறுகோணக் கூடுகளாகக் கை கோத்து நிற்கின்றன. கூட்டுக்கு நடுவே வெற்றிடம். ஓடித் திரிந்தபோது போதுமாயிருந்த இடம், கோலம் போட்டு உட்கார்ந்ததும் பற்றவில்லை.

உறையும் தண்ணீரின் பலத்தை நேரில் பார்க்க ஒருவர் ஆசைப்பட்டார். 1784, 1785 குளிர்காலங்களில் கியூபெக்கில் மேஜர் எட்வர்ட் வில்லியம்ஸ் என்ற பிரிட்டிஷ் பீரங்கிப் படை அதிகாரி, உள்ளீடற்ற இரும்புக் குண்டுகளில் தண்ணீரை நிரப்பி, வாயை இரும்புத் தக்கையால் அறைந்து மூடி, வெளியே குளிரில் வைத்தார். சில குண்டுகளின் தக்கை பிய்த்துக்கொண்டு சில நூறு அடி தூரம் பறந்தது. தக்கை அசையாத குண்டுகள் பிளந்தன. வெடிமருந்து ஒரு சிட்டிகைகூட இல்லை. பீரங்கிக் குண்டுக்கே அந்தக் கதி என்றால், கடையில் வாங்கிய வால்வின் கதியை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

தண்ணீரைத் திட்டிவிடாதீர்கள். பனிக்கட்டி லேசாக இருப்பதால்தான் ஏரி மேலே உறைந்து, அடியில் மீன் பிழைக்கிறது. சிம்கோ ஏரியில் பனியைத் துளையிட்டு உட்கார்ந்து மீன் பிடிக்கிறார்களே, அதுவும் இதே வீம்பின் தயவுதான்.

*

ஆழமாக யோசிப்பவர், பிராம்ப்டன்

கே: குழாயையே இன்னும் ஆழமாகப் புதைத்துவிட்டால் வருடா வருடம் இந்தத் தொல்லை இருக்காதே?

ப: எவ்வளவு ஆழம்? நம் வட்டாரத்தில் வீட்டு அஸ்திவாரத்தை மண் உறைவதிலிருந்து தப்ப வைக்க நான்கு அடி தோண்டுகிறார்கள். முற்றம் முழுக்க நான்கு அடிப் பள்ளம் வெட்டினால் குழாய் தப்பிக்கும், உங்கள் பேங்க் கணக்கு தப்பிக்காது. அப்படியே புதைத்தாலும், தண்ணீர் தூவும் தலை புல்லின் மட்டத்துக்கு வந்துதானே ஆக வேண்டும்? உடம்பைப் போர்த்திக்கொண்டு தலையை வெளியே நீட்டினால் ஜலதோஷம் பிடிக்காமலா இருக்கும்?

*

நாள்காட்டி பார்ப்பவர், ஸ்கார்பரோ

கே: சரியாக எந்தத் தேதியில் செய்ய வேண்டும்?

ப: தேதி வானிலைக்காரரிடம் இருக்கிறது. மாதம் நம் பஞ்சாங்கத்திலேயே இருக்கிறது. டொரன்டோ பக்கம் ஐப்பசி பிறந்ததும் ஆளைக் கூப்பிடுங்கள். அக்டோபர் முடிவதற்குள் காரியம் முடிந்திருக்க வேண்டும். மினியாபொலிஸ், டென்வர்க்காரர்களுக்குப் புரட்டாசியே கெடு. ஊரில் ஐப்பசி அடைமழையில் குளம் நிரம்பும்போது இங்கே நாம் குழாயைக் காலி செய்கிறோம்.

டென்வரை ஏன் தனியாகச் சொல்கிறேன் என்றால், அங்கே குளிர் கதவைத் தட்டிவிட்டு வருவதில்லை. 2019 அக்டோபர் 9 அன்று பகலில் 83 டிகிரி ஃபாரன்ஹீட். மறுநாள் 13 டிகிரி. அரைக்கை சட்டையோடு தூங்கப் போனவர் ஸ்வெட்டரைத் தேடி எழுந்தார்.

ஓர் ஆறுதல்: முதல் லேசான உறைபனிக்கு மண்ணுக்குள் இருக்கும் குழாய் பயப்படாது. கோடையின் சூடு மண்ணில் கொஞ்ச நாள் தங்கும். முதலில் அடி வாங்குவது, மண்ணுக்கு வெளியே நிற்கும் பித்தளைச் சாமான்தான். ஆள் வரத் தாமதமானால் அதற்குப் பழைய துண்டைச் சுற்றி ஓரிரு இரவுகள் ஒப்பேற்றலாம். டிசம்பர் வரை துண்டை நம்பியிருக்கக் கூடாது.

*

பக்தர், நேப்பர்வில்

கே: அந்தப் பித்தளைச் சாமான் என்னதான் சார்? வீட்டுச் சுவரோரம் குத்துவிளக்கு மாதிரி நிற்கிறது. வாங்கிய வீட்டோடு வந்தது.

ப: திரி போட்டுவிடாதீர்கள். அதன் பெயர் பேக்ஃப்ளோ பிரிவென்டர். உங்கள் வீட்டுக் குடிநீரும் புல்தரைத் தண்ணீரும் ஒரே குழாயின் இரண்டு கிளைகள். தெருவில் எங்கோ மெயின் உடைந்து அழுத்தம் சட்டென்று குறைந்தால், புல்தரைத் தண்ணீர் உரம், பூச்சிமருந்து, பக்கத்து வீட்டு நாயின் காணிக்கை எல்லாவற்றையும் சுமந்துகொண்டு பின்னோக்கி வரப் பார்க்கும். 'வந்த வழியே திரும்ப முடியாது' என்று அதை மறிக்கும் வாயிற்காவலர் இவர். உங்கள் காபி காபியாக இருப்பது இவரால்தான்.

இதில் ஒரு வகையை, ஆக உயரத்தில் இருக்கும் ஸ்பிரிங்க்ளர் தலையைவிட 12 அங்குலமாவது மேலே வைக்க வேண்டும் என்பது விதி. அதனால்தான் மண்ணுக்கு வெளியே நிற்கிறார், ஊரிலேயே முதல் ஆளாகக் குளிரையும் வாங்கிக்கொள்கிறார்.

குளிர்கால உபசாரம் எளிது. உள்ளே தண்ணீரை மூடிய பிறகு, பக்கத்தில் இருக்கும் குட்டிச் சோதனைத் திருகுகளை ஸ்க்ரூடிரைவரால் கால் திருப்பு திருப்பித் தண்ணீரை வடியுங்கள். இரண்டு பால் வால்வுகளின் கைப்பிடிகளையும் முழுக்கத் திறக்காமல், முழுக்க மூடாமல் 45 டிகிரியில், பாதித் திறந்த நிலையில் விடுங்கள். வால்வின் உருண்டைக்குள்ளேயே ஒரு மடக்குத் தண்ணீர் ஒளிந்திருக்கும். முழுக்க மூடினாலும் திறந்தாலும் அது வெளியே வராது, பாதியில் நிறுத்தினால் வந்துவிடும். வாழ்க்கையில் அரைகுறையாக விட்டால் நன்மை தரும் வெகுசில காரியங்களில் இது ஒன்று.

*

தன் கையே தனக்குதவி, கேரி

கே: கார் டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸர் வீட்டில் இருக்கிறது. 150 பி.எஸ்.ஐ. வரை போகும். ஆளைக் கூப்பிடாமல் நானே ஊதிவிடலாமா?

ப: 150 என்ற எண்ணைப் பார்த்து மயங்கிவிட்டீர்கள். குழாயைக் காலி செய்வது காற்றின் அளவு; அழுத்தம் அதற்கு ஈடாகாது. வட்டமாக, தோசைக்கல் மாதிரி இருக்கும் வீட்டுக் கம்ப்ரஸர் 90 பி.எஸ்.ஐ.யில் நிமிடத்துக்கு இரண்டரை, மூன்று கன அடி காற்று தரும். இதே தொழிலாக இருப்பவர்கள் டிரக்கின் பின்னால் கட்டி இழுத்து வருகிறார்களே, அந்த எந்திரம் நிமிடத்துக்கு 185 கன அடி வரை தரும். ஊதுகுழலால் அடுப்பை ஊதலாம். ஆனால் அம்மியைப் பறக்கவைக்க ஆடிக் காற்று வேண்டும்.

சிறு கம்ப்ரஸரின் காற்று என்ன செய்யும் தெரியுமா? தண்ணீரின் மேலே மெல்ல ஊர்ந்து தாண்டிப் போய், தலை வழியே 'புஸ்' என்று வெளியே வரும். காற்றுதான் வருகிறது, முடிந்துவிட்டது என்று நீங்கள் கையைத் தட்டிக்கொண்டு உள்ளே போவீர்கள். குழாயின் அடியில் தண்ணீர் படுத்துக்கொண்டே இருக்கும்.

சின்ன முற்றம், இரண்டு மூன்று ஸோன் (ஒரே வால்வில் ஓடும் தலைகளின் தொகுதி), பெரிய தொட்டியுள்ள கம்ப்ரஸர் என்றால், தொட்டி நிரம்பக் காத்திருந்து காத்திருந்து பொறுமையாகச் செய்யலாம். பொறுமை இல்லாதவர் ஆளைக் கூப்பிடுவதே லாபம்.

*

அதே தன் கை, அதே கேரி

கே: சரி, பெரிய கம்ப்ரஸரையே வாடகைக்கு எடுக்கிறேன். எவ்வளவு அழுத்தம் வைக்கலாம்?

ப: விடமாட்டீர்கள் போலிருக்கிறது! கறுப்பு பாலிஎத்திலீன் குழாய் என்றால் 50 பி.எஸ்.ஐ. தாண்டக் கூடாது. வெள்ளை பி.வி.சி. என்றால் 80. எதுவென்று தெரியாவிட்டால் 50.

தண்ணீர் போன பிறகும் 'இன்னும் கொஞ்சம்' என்று ஊதிக்கொண்டே இருக்காதீர்கள். வறண்ட காற்று உரசி உரசிச் சூடேறும்; தலைக்குள் இருக்கும் பிளாஸ்டிக் பல்சக்கரங்கள், ஈரத்தின் வழவழப்பு இல்லாமல் அசுர வேகத்தில் சுற்றித் தேய்ந்து உருகும். பனியிலிருந்து காப்பாற்றப் போய்ச் சூட்டில் கொன்ற பாவம் சேரும். ஒரு தடவைக்கு இரண்டு நிமிடத்துக்குள் நிறுத்துங்கள்.

கண்ணாடி அணியுங்கள். மூக்குக்கண்ணாடி இல்லை, பாதுகாப்புக் கண்ணாடி. காற்று அடைபட்டிருக்கும்போது வால்வு, தலை, பித்தளைச் சாமான் எதன் மேலும் குனிந்து எட்டிப் பார்க்காதீர்கள். தண்ணீரைப் போல இல்லை, அழுத்திய காற்று சுருள்வில் மாதிரி. விட்டால் பாயும்.

*

வரிசையாகச் சொன்னால்தான் புரியும், பெல்வ்யூ

கே: எல்லாம் சரி, எதற்குப் பிறகு எது?

ப: கல்யாணத்துக்குச் சாமான் பட்டியல் போல எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று: பேஸ்மென்டில் அல்லது மீட்டர் பக்கத்தில் ஸ்பிரிங்க்ளருக்கென்று தனி வால்வு இருக்கும். அதை மூடுங்கள். வீட்டு மெயினை மூடிவிட்டால் மாமியார் குளியலறையிலிருந்து குரல் கொடுப்பார்.

இரண்டு: கன்ட்ரோலரில் ஏதாவது ஒரு ஸோனை ஓட விட்டு, அடைபட்ட அழுத்தத்தை இறக்குங்கள்.

மூன்று: கம்ப்ரஸர் குழாயை, பித்தளைச் சாமானுக்கு அந்தப் பக்கம், அதாவது புல்தரை இருக்கும் பக்கத்தில் மாட்டுங்கள். அந்தச் சாமானின் வழியாகக் காற்றை விட்டால் உள்ளே இருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் உறுப்புகள் நொறுங்கும். மோட்டார் பம்பு இருந்தால் அதன் வழியாகவும் கூடாது.

நான்கு: முதலில் ஒரு ஸோனைத் திறந்துவிட்டு, பிறகு காற்றை மெல்ல விடுங்கள். எல்லா வால்வும் மூடியிருக்கும்போது கம்ப்ரஸரை முடுக்கினால், போக வழியில்லாத காற்று தானே வழி செய்துகொள்ளும். அந்த வழி உங்களுக்குப் பிடிக்காது.

ஐந்து: ஆகத் தொலைவில் அல்லது ஆக உயரத்தில் இருக்கும் ஸோனிலிருந்து தொடங்கி வீட்டை நோக்கி வாருங்கள். தலையிலிருந்து முதலில் தண்ணீர் வரும், பிறகு சாரல், பிறகு புகை மாதிரி ஒரு மூட்டம். மூட்டம் நின்றதும் நிறுத்துங்கள். எல்லா ஸோனும் முடிந்ததும் இன்னொரு சுற்று. முதல் சுற்றில் தப்பித்து வளைவில் தேங்கியது இரண்டாவதில் வரும்.

ஆறு: கம்ப்ரஸரைக் கழற்றி, மிச்சக் காற்றையும் வெளியே விட்டு, பித்தளைச் சாமானை வடித்து, கைப்பிடிகளை 45 டிகிரியில் விடுங்கள். பேஸ்மென்ட் வால்வுக்குப் பக்கத்தில் இருக்கும் சிறு மூடியைத் திருகி எடுத்தால் அங்கே நிற்கும் தண்ணீரும் ஒழுகிவிடும். அடியில் வாளி வைக்க மறக்காதீர்கள்.

*

பெரியவர், ஸ்கார்பரோ

கே: தம்பி, நான் போன வருசம் ஊதேல்லை. ஒண்டும் நடக்கேல்லை. இந்த வருசமும் விடலாமோ?

ப: அண்ணை, உங்களுக்குப் போன வருடம் மூன்று பேர் துணை நின்றிருப்பார்கள். ஒன்று, உங்களுடையது கறுப்பு பாலிஎத்திலீன் குழாயாக இருக்கலாம். அது கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும். இரண்டு, சில வீடுகளில் தாழ்வான இடத்தில், அழுத்தம் குறைந்ததும் தானே திறந்து வடியும் வால்வுகள் பொருத்தியிருப்பார்கள். மூன்று, ஸ்னோ. முற்றத்தில் கனமாகக் கிடக்கும் ஸ்னோ மண்ணுக்குப் போர்வை மாதிரி, குளிரை உள்ளே இறங்க விடாது. ஸ்னோ இல்லாமல் வெறும் குளிர் மட்டும் அடிக்கும் வருடம்தான் ஆபத்து.

இந்த வருடம் மூவரும் வருவார்கள் என்று எழுதிக் கொடுத்தால் விட்டுவிடுங்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும், அண்ணை: ஒன்றும் நடக்கவில்லை என்று எப்படித் தெரியும்? உடைவது மார்கழியில், தெரிவது சித்திரையில். சில விரிசல்கள் கோடை முழுக்கத் தண்ணீர் பில்லில் மட்டும் கசிந்துகொண்டிருக்கும்.

*

கார் பிரியர், ட்ராய்

கே: காருக்கு ஆன்டிஃபிரீஸ் ஊற்றுகிறோம். குழாய்க்கும் ஊற்றிவிட்டால்?

ப: வசந்தத்தில் அதே குழாய் உங்கள் புல்லுக்கும் மண்ணுக்கும் அதைப் பரிமாறும். காருக்கு ஊற்றுவதில் இருக்கும் எத்திலீன் கிளைகால் இனிக்கும் விஷம். நாய் நக்கினால் பிழைப்பது கஷ்டம். காற்று இலவசமாகக் கிடைக்கும்போது விஷத்தைக் காசு கொடுத்து வாங்குவானேன்?

*

சிக்கனக்காரர், எடினா

கே: கன்ட்ரோலரின் கரன்டையும் பிடுங்கிவிடலாம்தானே? மின்சாரம் மிச்சம்.

ப: கராஜுக்கு உள்ளே இருந்தால் உங்கள் இஷ்டம். வெளிச்சுவரில் இருந்தால் விட்டுவிடுங்கள். உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரின் கதகதப்பு ஈரம் படியாமல் காக்கும். 'ஆஃப்' அல்லது 'ரெயின்' நிலையில் வைத்தால் போதும், நேரமெல்லாம் நினைவில் வைத்துக்கொண்டே தூங்கும். பழைய மாடலில் 9 வோல்ட் பேட்டரி இருந்தால் மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் சித்திரையில் மறதிக்காரத் தாத்தா மாதிரி எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லிக் கொடுக்க வேண்டும்.

*

அனுதாபி, ஓக்வில்

கே: நீங்கள் எப்போதாவது உடைத்ததுண்டா?

ப: உபதேசம் செய்பவனைப் பார்த்துக் கேட்கக் கூடாத கேள்வி. முதல் வருடம் ஸ்பிரிங்க்ளரைப் பிரமாதமாக ஊதி முடித்தேன். ஆனால் பக்கத்துச் சுவரில், கார் கழுவும் ஹோஸ் மாட்டிய சாதாரணக் குழாயை மறந்துவிட்டேன். 'உறையாத குழாய்' என்று சொல்லி விற்றது அது. அதன் அடைப்பான் சுவருக்குள், கதகதப்பான பக்கத்தில் இருக்கும்; மூடினால் முன்பகுதித் தண்ணீர் வடிந்துவிடும், ஹோஸைக் கழற்றினால்! ஹோஸ் மாட்டியே இருந்தால் வடிய வழியில்லை. சுவருக்குள்ளேயே வெடித்தது. மே மாதம் காரைக் கழுவப் போனேன், பேஸ்மென்ட் கார்ப்பெட் கழுவப்பட்டது.

ஆகவே, ஹோஸைக் கழற்றிச் சுருட்டி உள்ளே வையுங்கள். இந்தப் பக்கத்தில் வேறு எதுவும் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள்.

*

வெயிலுக்காகவே வந்தவர், ஃப்ரிஸ்கோ

கே: நாங்கள் டெக்ஸாஸ். எங்களுக்கும் இதெல்லாம் உண்டா, அல்லது வேடிக்கை பார்த்தால் போதுமா?

ப: 2021 பிப்ரவரி 16 அன்று டாலஸ்–ஃபோர்ட் வொர்த் விமான நிலையத்தில் மைனஸ் 2 டிகிரி ஃபாரன்ஹீட் பதிவானது. செல்சியஸில் மைனஸ் 19. அன்று வேடிக்கை பார்த்தவர் யாருமில்லை.

உங்களுக்குக் கம்ப்ரஸர் தேவையில்லை. மண் அவ்வளவு ஆழத்துக்கு உறைவதில்லை. கடுங்குளிர் வருகிறது என்று செய்தி வந்தால் ஸ்பிரிங்க்ளர் வால்வை மூடி, பேக்ஃப்ளோவை வடித்து, வெளியே தெரியும் குழாய்க்கெல்லாம் போர்வை சுற்றுங்கள். கன்ட்ரோலரையும் நிறுத்துங்கள். காலை ஐந்து மணிக்குத் தானாக ஓடி நடைபாதையில் கண்ணாடித் தரை போட்டுவிட்டால், பேப்பர் எடுக்கப் போகிறவர் பரதநாட்டியம் ஆடுவார்.

*

இல்லத்தரசி, எடிசன்

கே: கணவரைக் குளிர்காலத்துக்குத் தயார் செய்வது எப்படி?

ப: அதே முறைதான். மெயினை மூடிவிட்டு, உள்ளே அடைந்திருக்கும் காற்றை வெளியே விடுங்கள். 50 பி.எஸ்.ஐ. தாண்ட வேண்டாம்.

*

சமையல்கட்டுக் கவலை, மார்க்கம்

கே: காய்கறிப் பாத்திக்கும் கருவேப்பிலைத் தொட்டிக்கும் சொட்டுநீர்க் குழாய் போட்டிருக்கிறேன். அதையும் ஊத வேண்டுமா?

ப: மெல்ல. சொட்டுநீர்க் குழாய் குறைந்த அழுத்தத்துக்குப் பிறந்தது. ஓரத்து மூடிகளைத் திறந்து, ஃபில்டரையும் அழுத்தம் குறைக்கும் கருவியையும் கழற்றி உள்ளே வைத்துவிட்டு, லேசாக ஊதினால் போதும். தரைமேல் கிடக்கும் குழாய் என்றால் சுருட்டி கராஜில் வைத்துவிடலாம்.

கருவேப்பிலையை இதற்கெல்லாம் முன்னாலேயே உள்ளே கொண்டுவந்திருக்க வேண்டுமே! இரவில் 10 டிகிரிக்குக் கீழே போகத் தொடங்கியதும் வெயில் படும் ஜன்னலோரம் அதற்குத்தான். ஸ்பிரிங்க்ளர் உடைந்தால் ஆள் வந்து சரி செய்வார். கருவேப்பிலை போனால் சாம்பாருக்கு யார் பதில் சொல்வது?

*

சத்தப் பிரியர், சான் ஹோஸே

கே: 'டிக் டிக் டிக்... டர்ர்ர்' என்று சுற்றும் ஸ்பிரிங்க்ளரைக் கண்டுபிடித்த புண்ணியவான் யார்?

ப: உங்கள் மாநிலத்துக்காரர்தான். கலிஃபோர்னியாவின் க்ளெண்டோராவில் எலுமிச்சை, ஆரஞ்சு விவசாயம் செய்த ஆர்டன் எங்கல்ஹார்ட், 1933-இல் செய்தார். பாயும் தண்ணீர் ஒரு சிறு கையைத் தள்ளும், வில் அதைத் திரும்ப அடிக்கும், அடித்த அடியில் தலை கொஞ்சம் நகரும். 1935-இல் காப்புரிமை. நண்பர்களான கிளெம், மேரி லாஃபெட்ரா தம்பதி அதைத் தங்கள் தொழுவத்திலேயே தயாரித்து விற்கத் தொடங்கினார்கள். அதுதான் ரெயின் பேர்ட். அவர்கள் ஊரில் பனி வெடிப்பு கவலை குறைவு. அவர் டிக் டிக் என்று கண்டுபிடித்தார், வடக்கே வாங்கிய நாம் திக் திக் என்று இருக்கிறோம்.

*

குதர்க்கவாதி, பாஸ்டன்

கே: சோறு போடாத புல்லுக்கு இவ்வளவு பாடா?

ப: பாடு இருக்கட்டும், பரப்பைக் கேளுங்கள். நாசா ஆய்வாளர் கிறிஸ்டினா மிலேசியும் குழுவினரும் 2005-இல் செயற்கைக்கோள் படங்களை வைத்துக் கணக்குப் போட்டார்கள். அமெரிக்கப் புல்தரை, குறைத்து மதிப்பிட்டாலும் 1,28,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பு 1,30,000. கன்னியாகுமரி முதல் கும்மிடிப்பூண்டி வரை வெறும் புல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் நீர் பாய்ச்சி விளைவிக்கும் மக்காச்சோளத்தின் பரப்பைவிட இது மூன்று மடங்கு.

வெளியே ஊற்றும் தண்ணீரில் பாதி வரை காற்றோடும் ஆவியாகவும் வழிந்தோடியும் வீணாகிறது என்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. எனவே ஊதும் நாளில் ஒரு வேலை சேர்த்துச் செய்யுங்கள். எந்தத் தலை புல்லை விட்டுவிட்டுத் தெருவுக்கு அபிஷேகம் செய்கிறது என்று பார்த்து, சிறு கொடி நட்டு வைத்தால் வசந்தத்தில் திருப்பிவிடலாம்.

*

முன்யோசனைக்காரி, வாட்டர்லூ

கே: வசந்தத்தில் திறக்கும்போது என்ன கவனிக்க வேண்டும்?

ப: அவசரப்படாமல் இருப்பதை. காலிக் குழாய்க்குள் வால்வை ஒரேயடியாகத் திறந்தால், தண்ணீர் காற்றைத் துரத்திக்கொண்டு ஓடி முனையில் சம்மட்டி மாதிரி மோதும். குளிருக்குத் தப்பிய வால்வு அந்த அடிக்குத் தப்பாது. பாதித் திறந்து விட்ட கைப்பிடிகளைச் சரிசெய்து, சோதனைத் திருகுகளை மூடி, ஸ்பிரிங்க்ளர் வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து, ஸோன் ஸோனாக நடந்து பாருங்கள். பிறந்த வீட்டிலிருந்து திரும்பி வரும் மருமகளை வரவேற்பது போல, நிதானமாக.

*

பிள்ளை வீட்டுக்கு வந்திருக்கும் அம்மா, எடிசன் (ஊர்: திருநெல்வேலி)

கே: தண்ணிய வரவைக்கத்தான் காசு குடுத்துப் பாத்திருக்கேன். தண்ணிய வெளிய தள்ளுததுக்கு ஒருத்தனுக்கு நூறு டாலர் குடுக்கான் என் மவன். இது என்ன ஊருய்யா?

ப: அம்மா, நம் ஊரில் தண்ணீர் விருந்தாளி. எப்போது வரும் என்று தெரியாது. வந்துவிட்டால் குடம், அண்டா, பக்கெட், கடைசியில் சொம்பு வரை நிறைத்து வைப்போம். இங்கே தண்ணீர் கூடவே குடியிருக்கும் சொந்தக்காரர். ஐப்பசியில் வழியனுப்பிவிட வேண்டும், இல்லையென்றால் கோபித்துக்கொண்டு வீட்டை இடிப்பார். வழியனுப்பும் செலவுதான் அந்த நூறு டாலர். ஒரு வால்வும் ஒரு ப்ளம்பரும் சேர்ந்து வந்தால் அதைப்போல் பல மடங்கு கேட்பார்கள். உங்கள் மகன் கெட்டிக்காரர்.

ஒன்று மட்டும் செய்யுங்கள். பேஸ்மென்ட் வால்வுப் பக்கத்து மூடியைத் திருகும்போது கொஞ்சம் தண்ணீர் ஒழுகும். மகன் அதை வடிகாலில் விடப் பார்ப்பார். முந்திக்கொண்டு அடியில் வாளியை வையுங்கள், ஜன்னலோரக் கருவேப்பிலைக்கு இரண்டு நாளைக்கு ஆகும். மகன் சிரிப்பார். சிரிக்கட்டும்.